ஒரு பெரிய டப்பாவா, இரண்டு சின்ன டப்பாவா?

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு வீடுகள் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரே சுவர்தான். இப்படி ஒரு வீட்டில் காலேஜ் படிக்கும் பையன் ஹோம் தியேட்டர் வாங்கினால் என்ன செய்வான்? இருக்கிற காசுக்குக் கிடைப்பதிலேயே பெரிய சப்-வூஃபரை வாங்கி, டி.வி.க்குப் பக்கத்து மூலையில் தள்ளிவிடுவான். "5.1 தானே... அந்தப் புள்ளி ஒன்றுக்கு ஒரு டப்பா போதும்" என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. புள்ளி ஒன்று என்பது டப்பாக்களின் எண்ணிக்கை அல்ல. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளுக்காக ஒதுக்கிய தனித் தடம். அதை எத்தனை சப்-வூஃபர் வழியாகவும் ஒலிக்க விடலாம். தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் பல இருக்கும். டால்பி அட்மாஸ் அரங்குகளில் பின்பக்கமும் வைப்பதுண்டு.

சரி, ஒரே டப்பா என்றால் என்ன கெட்டுப்போகிறது? 10 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள கூடத்தை எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும். 20 அடி நீளத்துக்கு 28 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலையான அலையாக நின்றுவிடும். அதன் இரட்டிப்பு 57 ஹெர்ட்ஸ். அகலத்துக்கும் அதே 57, உயரத்துக்கும் அதே 57! மூலையில் உள்ள டப்பா இவை அத்தனையையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். கூடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்த பையனுக்கு அந்த 28 ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. "பேஸ் பத்தலையே" என்று வால்யூமை ஏற்றுவான். சுவரோரம் படுத்திருக்கும் பாட்டிக்கும் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கும் நெஞ்சு அதிரும்.

2002ல் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்ட்டி, செவ்வக அறைகளில் இதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். நான்கு சுவர்களின் மத்தியிலும் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை உள்ள வித்தியாசம் நன்றாகக் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் மத்தியில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அதே பலன். நான்குக்கு மேல் வைத்துப் பெரிய லாபம் இல்லை. காரணம் எளிது. முன்சுவர் டப்பா கிளப்பும் 28 ஹெர்ட்ஸ் அலையைப் பின்சுவர் டப்பா எதிர்த்திசையில் கிளப்பி அடக்கிவிடுகிறது.

காஞ்சிக்காரர்களுக்கு இது புதிதா என்ன? கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள் வேண்டும். உடலும் கரையும் சேர, தறியின் மறுபக்கமும் ஒரு கை வேண்டும். பெரிய நாடா ஒன்று வாங்கி அதைச் சாதிக்க முடியாது.

செலவாகுமே என்று கேட்கலாம். ஒரு பெரிய டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு நடுத்தர டப்பாக்களைத் தேடலாம். ஆம்ப்ளிஃபயரில் ஒரே அவுட்புட் என்றால், சொந்த ஆம்ப் உள்ள சப்-வூஃபர்களுக்கு ஒரு ஒய் கேபிள் போதும். அதுவும் முடியாதவர்கள், இருக்கும் ஒன்றை மூலையிலிருந்து முன்சுவரின் மத்திக்கு நகர்த்திப் பார்க்கலாம். காசே ஆகாது.

இரண்டு வைத்தால் சுவர் தாண்டி ஒலி போகாது என்று அர்த்தமில்லை. கண்டிப்பாகப் போகும். ஆனால் கேட்காத பேஸைத் தேடி வால்யூமை ஏற்றும் அவசியம் குறையும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. அந்த 'ஏ' அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். அதாவது, சுவர் அதிர்ந்தாலும் மீட்டர் சும்மா இருக்கலாம். சட்டம் காப்பாற்றாத இடத்தில் மனிதர்கள்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீடு வெறும் வீடு அல்ல. அங்கே ஒருவர் காலையிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து இழை எண்ணிக்கொண்டிருக்கிறார்.