கடலில் கேட்கிற கேள்வி தமிழில் இருக்கட்டும்!

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து ஒரு வள்ளம் கடலுக்குப் போகிறது. அதை நிறுத்தி விசாரிக்க வருகிறவர்கள் எத்தனை பேர்? கடற்படை, கடலோரக் காவல்படை, தமிழகப் போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீன்துறை, சுங்கத்துறை. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பின் வனத்துறையும் சேர்ந்துகொண்டது. ஆறு சீருடைகள்! வள்ளத்தில் இருப்பதோ நாலைந்து உழைப்பாளிகள்.

ரோந்தே வேண்டாம் என்று மீனவர் சொல்லவில்லை. புயலில் சிக்கியவர்களைத் தேடிப் போவதும் இந்தக் கப்பல்கள்தான். கடத்தல்காரனைப் பிடிக்கட்டும். 2001 முதல் கடலட்டை பிடிக்கத் தடை இருக்கிறது, அமல் நடத்தட்டும். கரையை ஒட்டிய கடலுக்குள் விசைப்படகுகள் வரக்கூடாது என்ற 1983-ம் வருஷச் சட்டத்தையும் அதே மும்முரத்தோடு அமல் நடத்தினால் வள்ளத்து மீனவர்கள் வரவேற்பார்கள்.

நிறுத்துகிற முறைதான் பிரச்னை.

2017 நவம்பர் 13-ந் தேதி ராமேஸ்வரம் மீனவர்கள் இருவர் காயத்தோடு கரை திரும்பினார்கள். கடலோரக் காவல்படையினர் சுட்டதாகவும், இந்தியில் பேசச் சொல்லி அடித்ததாகவும் அவர்கள் புகார் செய்தார்கள். காவல்படை மறுத்தது. 2022 அக்டோபர் 21-ந் தேதி பாக் நீரிணையில் மறுக்க இடமில்லை. நமது கடற்படையே சுட்டது. மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் குண்டடி பட்டார். பல முறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்பது கடற்படை சொன்ன சமாதானம்.

எச்சரித்தது எந்த பாஷையில்? இன்ஜின் இரைச்சலில் ஒலிபெருக்கி காதில் விழுமா? வலை கடலுக்குள் கிடக்கும்போது விசைப்படகை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவோ திருப்பவோ முடியாது. வலை போய்ப் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை, சங்குகுளிப்பு இருக்கிறது. ஆள் அடியில் இருக்கும்போது “இங்கே வா” என்று கப்பலிலிருந்து கை காட்டினால், அவரை விட்டுவிட்டு வள்ளம் எப்படிப் போகும்? தொழில் தெரிந்த எவரும் இதைச் சந்தேகத்துக்குரிய நடத்தை என்று எண்ணமாட்டார். தொழிலும் தெரியாமல் தமிழும் தெரியாமல் துப்பாக்கி மட்டும் கையில் இருந்தால்தான் ஆபத்து!

தமிழகக் கடலில் ரோந்து போகும் ஒவ்வொரு கப்பலிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போடட்டும். இது என்ன, செலவு பிடிக்கும் காரியமா? இந்தக் கரையில் படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் மீனவ இளைஞர்களுக்குப் பஞ்சமில்லையே.

சோதனைக்கும் சாட்சி வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்ற விசாரணைச் சட்டத்தின் 105-வது பிரிவு, போலீஸ் ஓர் இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. கரையில் குடிசைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, எந்தச் சீருடை ஏறினாலும் கடலில் வள்ளத்துக்கும் கிடைக்க வேண்டும். ஏறியவர் யார், எத்தனை மணிக்கு, எதை எடுத்தார் என்று எழுதி ஒரு நகலைப் படகிலேயே கொடுத்துவிட்டு இறங்கட்டும்.

மீனவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாமல் கடலேற வேண்டாம். ரோந்துக் கப்பல் சைகை காட்டினால் ஓட்டம் பிடிக்க வேண்டாம். வலையோ ஆளோ கடலில் இருந்தால் கையைத் தூக்கி அடையாளம் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கப்பலின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கரை சேர்ந்த அன்றைக்கே சங்கத்தில் சொல்லி, கடலோரப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.