பெருஞ்சோறும் ஐந்து பைசாவும்

பொதுக்கூட்ட மேடைக்குத் துண்டுச் சீட்டு வருவது புதிதல்ல. வசை வரும்; வாழ்த்து வரும்; ஒலிபெருக்கி சரியில்லை என்ற முறையீடும் வரும். அண்மையில் ஒரு கூட்டத்தில் எனக்கு வந்த சீட்டோ வேறுவகை. இளைஞர் ஒருவரின் கையெழுத்து. மரியாதை குறையாத எழுத்து. "எங்கோ நடக்கும் போர். யாரோ மூட்டிய தீ. அதில் வெந்தவர்களுக்கு எங்கள் வரிப்பணத்திலிருந்து ஏன் உதவி? இங்கே ஏழை இல்லையா? விடை கூறுவீர்களா?" என்று கேட்டிருந்தார்.

விடை கூறினேன். கைதட்டினார்கள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சு என்னைக் கேட்டுக்கொண்டே வந்தது: கைதட்டல் கிடைத்தது, அவருக்கு விடை கிடைத்ததா? இல்லை என்றே தோன்றிற்று. ஆகவே மேடையில் விட்டதை ஏட்டில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்போர் இருவகையினர். ஒருவர், அந்த இளைஞரைப் போல, உழைத்துக் களைத்து, வரி கட்டி வாடி, உள்ளம் நொந்து கேட்பவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். விடை தந்தாக வேண்டும். மற்றொருவர், வரிப்பணத்தின் காவலராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களின் மீதான வரி குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டொன்றுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. அன்று இந்தக் காவலர் உறங்கினார். அயல்நாட்டு அகதியின் தட்டில் ஒரு பிடி சோறு விழும் ஓசை கேட்டதும் விழித்தெழுகிறார், "ஐயோ, வரிப்பணம்!" என்று அலறுகிறார். இரும்புப் பெட்டி திறந்தபோது கேளாத காது, அகப்பை அசைந்தபோது மட்டும் கேட்கிறதாம்! என்னே கூர்மை!

தமிழனுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. பாரதப் போரிலே பொருத ஐவருக்கும் நூற்றுவருக்கும், இரு படைக்கும் பெருஞ்சோறு அளித்தான் சேரன் உதியன் என்று புறநானூற்றுப் புலவர் முரஞ்சியூர் முடிநாகராயர் பாடினார். பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்ற பெயரும் அவனுக்கு நிலைத்தது. அந்தப் போர் நடந்ததா, அங்கே சேரன் சென்றானா என்பதைப் பகுத்தறிவுள்ள எவரும் ஐயுறலாம். நான் கருதுவது வேறு. தன் அரசனைப் புகழ நினைத்த ஒரு தமிழ்ப் புலவனுக்கு, அயலார் போரிலே சோறு போட்டான் என்பது புகழாகத் தோன்றியிருக்கிறது. "நம் நெல்லை எடுத்து அவர்களுக்கு ஏன் போட்டாய்?" என்று அவன் கேட்கவில்லை. அந்த நெல் சேரன் தன் கையால் நட்டதுமல்ல; உழவன் கட்டிய இறை. இக்காலத்துச் சொல்லிலே சொன்னால், வரிப்பணம்!

பழங்கதை போதும்; பட்டறிவுக்கு வருவோம். 1971 மார்ச் 25 இரவு டாக்காவிலே பாகிஸ்தான் படை தன் மக்கள் மீதே பாய்ந்தது. அடுத்த மாதங்களில் கிழக்கு வங்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தோர் தொகை ஏறத்தாழ 1 கோடி. ஒரு நாடு தன்னிடம் கேளாமலேயே விருந்தினராக்கப்பட்ட 1 கோடி உயிர்களுக்குச் சோறிட வேண்டியிருந்தது. கூடாரம் போதவில்லை. கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியிலே, புதைப்பதற்காகப் போட்டுவைத்திருந்த பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியேறின.

நாடகம் எழுதிப் பழகிய கை; ஒரு காட்சி எழுத அனுமதியுங்கள். குழாயின் வாயிலே ஒரு தாய். மடியிலே குழந்தை. எதிரே நம் வரிப்பணக் காவலர்.

காவலர்: யாரம்மா நீ? எந்த ஊர்?

தாய்: குல்னா, ஐயா. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கொஞ்சம் மருந்து...

காவலர்: குல்னா அயல்நாடு. உன் போர் அயல் போர். என் வரி உள்நாட்டு வரி. எல்லைக்கோட்டைப் பார்க்கவில்லையா?

தாய்: இரவு, ஐயா. பின்னால் துப்பாக்கிச் சத்தம். கோடு தெரியவில்லை.

காவலர்: நான் சட்டம் பேசுகிறேன்!

தாய்: குழந்தை பேசவில்லை, ஐயா.

திரை விழட்டும். தாய் என் கற்பனை. காவலர் என் கற்பனை. குழாய் கற்பனையன்று.

அந்த ஆண்டின் இறுதியிலே இந்திய அரசு வரி போட்டது. இரயில் கட்டணத்தின் மீது வரி. உள்நாட்டு வானூர்திக் கட்டணத்தின் மீது வரி. நவம்பர் 15 முதல் அஞ்சல் மீது 5 பைசா. "அகதிகள் நிவாரணம்" என்று அச்சிட்ட ஐந்து பைசா அஞ்சல்தலையை வீட்டிலே பழைய கடிதக்கட்டு வைத்திருப்போர் இன்றும் காணலாம். தூத்துக்குடியிலிருந்து திருச்சிக்கு மகளின் திருமணச் செய்தி எழுதிய தந்தை, அந்தக் கடிதத்தின் மூலையிலே, தான் காணாத ஊரின், தனக்குத் தெரியாத மொழி பேசும் ஒரு தாய்க்கு ஐந்து பைசா ஒட்டி அனுப்பினார். 1973 இல் அந்த வரி நீங்கிற்று. உலக நாடுகளும் உதவின. ஆனால் செலவின் பெரும்பங்கைச் சுமந்தது இந்த நாட்டு மக்களின் தோள்.

"வரி எதற்கு? விரும்பியவர் கொடுக்கட்டுமே! தருமம் தானே வர வேண்டாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போடுவோம்.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் நகரின் மாபெரும் அரங்கிலே ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கத்து அகதிகளுக்காக இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். உலகமே வியந்த நிகழ்ச்சி. நெஞ்சார வாழ்த்துவோம் அக்கலைஞர்களை! நுழைவுச்சீட்டில் சேர்ந்த தொகை 2,43,000 டாலருக்குச் சற்று மேல். டாலருக்கு ஏழரை ரூபாய் என்று வைத்து, 1 கோடிப் பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு 18 பைசா! இசைத்தட்டும் திரைப்படமும் பின்னர் ஈட்டிய பெருந்தொகையோ, வரித்துறைச் சிக்கலிலே ஆண்டுக்கணக்கில் அகப்பட்டுக் கிடந்தது. பசித்த குழந்தை ஆண்டுக்கணக்கில் காத்திருக்குமா?

உலகின் தலைசிறந்த கலைஞர்கள் ஒருநாள் முழுதும் பாடித் தந்தது தலைக்கு 18 பைசா. கடிதம் எழுதிய எளிய மனிதன் ஒவ்வொரு கடிதத்துக்கும் தந்தது 5 பைசா. தருமம் தாழ்ந்தது என்று கூறவில்லை. தருமம் மழை, வரி வாய்க்கால். மழையை நம்பி மட்டும் எந்த ஊரும் உழுததில்லை.

"கொடுத்தோம், போயிற்று; திரும்ப என்ன கிடைத்தது?" என்போருக்கும் 1971 விடை சொல்கிறது. எல்லையூரான பன்காவ் முகாமிலே வாந்திபேதி பரவிற்று. நரம்பிலே ஏற்றும் உப்புநீர் தீர்ந்தது. திலீப் மகாலானபிஸ் என்ற மருத்துவர் துணிந்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் நீரிலே கரைத்தார். குழந்தைக்குப் புகட்டும்படி தாயிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் எடுத்துத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தன் ஆற்றலை உலகுக்குக் காட்டியது அந்த அகதி முகாமின் சேற்றுத் தரையில்! அவர் 2022 இல் மறைந்தார். மறுஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அயலான் குழந்தைக்குக் கண்ட வழி, நம் குழந்தைக்கும் உயிராயிற்று.

இப்போது இளைஞரின் நெஞ்சைத் தைக்கும் கேள்வி: இங்கே ஏழை இல்லையா? இருக்கிறார். அவருக்காக எழுந்த இயக்கம் இது. ஆனால் அவர் தட்டைக் காலியாக்கியது யார் என்று பார்க்க வேண்டும். 2024–25 ஆண்டில் ஒன்றிய நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு 48 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வெளியுறவுத் துறைக்கு, தூதரகங்கள் அனைத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 22,000 கோடி. நூறு ரூபாயிலே அரை ரூபாய்க்கும் குறைவு. அந்த அரை ரூபாயிலும் ஒரு துணுக்குத்தான் அயல்நாட்டுக்குச் செல்லும் உதவி. அதிலும் ஒரு துளிதான் போரில் நொந்தோர்க்குச் செல்லும் நிவாரணம். அந்தத் துளியை நிறுத்திவிட்டால் நம் குடிசைகளில் விளக்கெரியுமா? அமெரிக்காவிலும் இதே கூச்சல்தான் கிளப்பினார்கள். அங்கும் அயல்நாட்டு உதவி நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. 2025 ஜூலை 1 அன்று அந்நாட்டின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் கதவை மூடிற்று. மிச்சமான பணம் அங்குள்ள ஏழையின் வாசலுக்கு வந்ததாக எவரேனும் காட்டட்டும், பார்ப்போம்!

மற்றொன்றும் கேளுங்கள். அயல்நாட்டுப் போருக்கு நாம் வரி கட்டவில்லை என்று யார் சொன்னது? 2022 இல் உக்ரைனில் குண்டு விழுந்தது. நம் மளிகைக் கடையிலே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. நாம் வாங்கிய அந்த எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்ததே காரணம். வடை சுடும் கிழவியும் அந்தப் போருக்கு வரி கட்டினாள். சட்டமன்றம் போடாத வரி. இரசீது இல்லாத வரி. போர் தன் பங்கை நம்மிடம் கேளாமலே வசூலித்துக்கொள்கிறது. போரில் நொந்தவனுக்கு நாம் மனமறிந்து தரும் பங்கிலேதானா கஞ்சத்தனம்?

"உதவியைக் கொள்ளையர் தின்கிறார்களே!" என்பர். உண்மை. 1992 இல் சோமாலியாவில் பசித்தோர்க்குச் சென்ற மூட்டைகளை ஆயுதக் கும்பல்கள் பறித்தன. திருடன் உண்டு என்றால் கதவுக்குப் பூட்டு வேண்டும். உலையை இறக்குவதா வழி? அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. 1971 இல் அமெரிக்க அரசு அகதிகளுக்கு உணவும் அனுப்பிற்று. அவர்களை அகதிகளாக்கிய பாகிஸ்தானுக்கு ஆயுதமும் அனுப்பிற்று! ஒரு கையால் புண்; மறு கையால் மருந்து. இத்தகைய உதவிக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை.

இனி, நம் வீட்டுக்குள்ளேயே பேச வேண்டிய பேச்சு. 1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் ஈழத்து உறவுகள் கடல் தாண்டி வந்தனர். மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் நாம் சோறிட்டோம். அந்தச் செலவை ஒன்றிய அரசு ஈடு செய்யும் ஏற்பாடும் உண்டு. ஆகவே, அந்தச் சோற்றிலே வங்காளியின் வரியும் பஞ்சாபியின் வரியும் கலந்திருந்தன. "தமிழன் பசிக்கு நாங்கள் ஏன்?" என்று அவர்கள் கேட்டிருந்தால் நம் குருதி கொதித்திருக்கும். நமக்கு ஒரு நீதி, அயலானுக்கு ஒரு நீதியா?

2022 இல் சோதனை நம் வாசலுக்கே வந்தது. இலங்கை பொருளாதாரத்தில் சரிந்தது. அது போரன்று, ஆனால் 2009 முள்ளிவாய்க்காலின் குருதியை மறவாத நெஞ்சுக்கு, அந்த நாட்டுக்கு அரிசி என்பது எளிதில் விழுங்கும் கவளமன்று. எனக்கும் தொண்டையில் நின்றது. ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர் காக்கும் மருந்துகள். மதிப்பு 123 கோடி ரூபாய். முதலில் தமிழருக்கு என்றுதான் எண்ணம் இருந்தது. "எங்களுக்கு மட்டும் வேண்டாம், இங்குள்ள அனைவருக்கும் அனுப்புங்கள்" என்று அங்குள்ள தமிழர்களே கேட்டுக்கொண்டார்கள். புண்பட்டவனே பகிர்ந்துண்ணச் சொன்னான், தோழர்களே! அன்று உதியன் கதையல்ல, நம் காலத்து உண்மை. சிங்களத் தாயும் பெற்றாள். தமிழ்த் தாயும் பெற்றாள். நாம் சிறுத்துவிடவில்லை.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அரிசியை அனுப்ப நம் சட்டமன்றம் டெல்லியின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. நெல் நம்முடையது, நெஞ்சு நம்முடையது, சாவி அவர்களிடம்! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே அகதிகளை மதம் பார்த்துப் பிரித்து, முகாமில் வாடும் ஈழத்தமிழரை விட்டுவிட்டதும் அதே டெல்லிதான்.

ஆகவே நாம் கேட்பது இவை: நிவாரணம் நிவாரணமாகவே செல்லட்டும், அரிசி மூட்டைக்குள் துப்பாக்கி கூடாது. பசித்தவனிடம் மதமும் மொழியும் கேட்கக் கூடாது. எவ்வளவு சென்றது, எவர் கைக்குச் சேர்ந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். கொடுக்க விரும்பும் மாநிலத்தின் கையைக் கட்டக் கூடாது. இந்த நான்கும் இருக்குமானால், தம்முடைய வரியிலிருந்து ஒரு துளி போவதற்கு அந்த இளைஞர் வருந்த வேண்டியதில்லை. இந்த நான்கும் இல்லையென்றால், அவருடன் சேர்ந்து நானும் துண்டுச் சீட்டு எழுதுவேன்.

சீட்டு அனுப்பிய நண்பரே! உங்கள் கேள்வி தவறன்று. வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். ஆனால் குழாய்க்குள் கிடக்கும் தாயிடம் கேளாதீர்கள். கோட்டையிலே இருப்பவனிடம் கேளுங்கள். வீட்டிலே பழைய கடிதக்கட்டு இருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். எங்கோ ஒரு மூலையில் அந்த ஐந்து பைசா ஒட்டியிருக்கக் கூடும். உங்கள் பாட்டனார் ஒட்டியது அது. அவரும் ஏழைதான்!