பொறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு

கம்பியின்றிக் காற்றின் வழியே கருவிகளுக்கு மின்னேற்றும் நுட்பத்தை உருவாக்க முனைந்தது கலிபோர்னியாவின் எனர்ஜஸ் என்னும் சிறு நிறுவனம். 2014-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2017 டிசம்பரில், மூன்றடி தூரம் மின்சக்தி அனுப்பும் அதன் கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பங்கு விலை சில நாட்களில் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஆனால் 2018-ல் அதன் வருமானம் ஏறக்குறைய 5 இலட்சம் டாலர். நஷ்டமோ ஏறக்குறைய 5 கோடி. விலை மிகவும் சரிந்தபடியால், 2023-ல் 20 பங்குகள் ஒரே பங்காக இணைக்கப்பட்டன.

அனுமதி வேறு, விற்பனை வேறு. பொறுமை நற்குணமே, ஆயினும் விதைத்தவனும் முளையைத் தேடிப் பார்க்கிறான். பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்த பணத்தை இத்தகைய பங்கில் போடுமுன், "வாங்கினவர் யார்? எவ்வளவு விற்றது?" என்று கேளுங்கள். ஆண்டுதோறும் "விரைவில்" என்பதே பதிலானால், காத்திருப்பது பொறுமையல்ல.