கான்வென்ட்டில் படித்தால் பெரிய ஆளாகிவிடலாமா? தாம்பரம் வழியே போன அக்கா, தங்கை சொல்லும் பாடம்!

காலை எட்டு மணிக்கு வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளி வேன்களுக்கு நடுவில்தான் மற்ற வண்டிகள் ஊர்ந்துபோக வேண்டும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று வீடுகள் பெருகப் பெருக, 'பிள்ளையை எங்கே சேர்ப்பது?' என்ற கவலையும் பெருகுகிறது. அந்தப் பட்டியலில் கத்தோலிக்க சபைகள் நடத்தும் பள்ளிகளுக்கு எப்போதும் தனி மவுசு. கன்னியாஸ்திரீ ஒருவர்கூட இல்லாத இங்கிலீஷ் மீடியம் பள்ளியையும் 'கான்வென்ட்' என்று அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயருக்கு மரியாதை.

'கான்வென்ட்டில் படித்தால் இங்கிலீஷ் வரும், இங்கிலீஷ் வந்தால் வேலை கிடைக்கும்' - பல வீடுகளின் கணக்கு இதுதான். கணக்கு சரிதானா? பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு தாம்பரத்தில் இருக்கிறது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தி.நகர் கான்வென்ட்டில் படித்துவிட்டு அந்தக் கல்லூரி வழியாக உலகுக்குப் போன அக்கா, தங்கையின் கதையே பதில் சொல்லும்.

லாக் டேபிளில் பிறந்த இசைக்குழு

அக்கா சந்திரிகா, தங்கை இந்திரா. தி.நகரில் ஆசாரமான குடும்பம். அப்பா வங்கியில் வேலை பார்த்தார். தாத்தா ஓய்வுபெற்ற நீதிபதி. இருவரும் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட்டில். தங்கைதான் 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த இந்திரா நூயி. அக்கா சந்திரிகா டாண்டன், மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தில் பார்ட்னரான முதல் இந்திய அமெரிக்கப் பெண். 2025-ல் 'திரிவேணி' ஆல்பத்துக்காக கிராமி விருது வாங்கியவரும் அவரேதான்.

பள்ளியில் பேச்சுப் போட்டி, விவாதம் என்று இந்திரா மேடையை விடவில்லை. அதோடு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ராக் இசைக்குழு ஒன்றையும் தொடங்கினார். கணக்கு வகுப்பின் லாக் டேபிளை வைத்து அதற்கு 'லாகரிதம்ஸ்' என்று பெயர். நம் வீட்டுப் பெண் கிட்டார் வாசிப்பதாவது என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். ஆனாலும் பள்ளி மேடையில் கச்சேரி நடந்தது. பதினைந்து வயதில் நூறு பேர் முன்னால் நின்று பழகிய பெண்ணுக்கு, பிற்காலத்தில் ஆண்களே நிரம்பிய கூட்டத்தில் கையை உயர்த்திப் பேசக் கூச்சம் இருக்காது. இதற்கு மார்க் ஷீட்டில் தனிப் பாடம் இல்லை.

வீட்டுக்கு வந்த கன்னியாஸ்திரீ

அக்காவின் கதையில் திருப்பம் இன்னும் பெரியது. பள்ளி முடித்ததும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர வேண்டும் என்றார் சந்திரிகா. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரி. போதாததற்கு, வீட்டிலிருந்து தூரம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மகள் சாப்பாடு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். அப்போது, படித்த பள்ளியின் கன்னியாஸ்திரீ ஒருவர் தலையிட்டு அம்மாவிடம் பேசி, சம்மதம் வாங்கிக் கொடுத்தார். பேட்டிகளில் சந்திரிகாவே சொன்ன சம்பவம் இது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் தாம்பரம் இல்லை. அங்கிருந்து அகமதாபாத் ஐ.ஐ.எம்., சிட்டி வங்கி, நியூயார்க் என்று நீண்ட பாதையும் வேறு மாதிரி ஆகியிருக்கும். அக்கா போட்ட வழியில் தங்கையும் அதே கல்லூரிக்கு வந்தார். அங்கே பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடினார். பிறகு கொல்கத்தா ஐ.ஐ.எம்-மில் 1976-ல் படிப்பை முடித்து, யேல் பல்கலைக்கழகம் போனார்.

வீட்டுக்கும் பங்கு உண்டு

எல்லாப் புகழும் பள்ளிக்கே என்று சொன்னால் அது நியாயமாகாது. இந்தச் சகோதரிகளின் அம்மா தினமும் சாப்பாட்டு வேளையில், 'நீ பிரதமரானால் என்ன செய்வாய்?' என்பதுபோலக் கேள்வி கேட்டுப் பிள்ளைகளைப் பேச வைத்தவர். அதே அம்மாதான் மூத்த மகளுக்கு ஐ.ஐ.எம். இடம் கிடைத்தபோது, கல்யாணம் ஆகாமல் வெளியூர் அனுப்ப மாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்தார். அந்த முறை பேத்தியின் பக்கம் நின்றவர் தாத்தா. எல்லாக் குழந்தைக்கும் அப்படித் தாத்தா அமைவதில்லை. அமையாத வீடுகளில்தான் பள்ளியின் பொறுப்பு கூடுகிறது.

கான்வென்ட் என்றால்தான் இப்படி நடக்கும் என்பதும் இல்லை. அப்துல் கலாம் ராமநாதபுரத்தில் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளி கத்தோலிக்கப் பள்ளி அல்ல. ஆனால், அங்கே தனக்கு நம்பிக்கையூட்டிய ஆசிரியர் அய்யாதுரை சாலமனைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை. படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு 'உன்னால் முடியும்' என்று சொல்ல வெளியே ஓர் ஆள் இருந்தார். கலாம் பிறகு பட்டப்படிப்புக்குச் சேர்ந்ததுதான் திருச்சி புனித வளனார் கல்லூரி. அது இயேசு சபையினர் நடத்துவது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கத்தோலிக்கப் பள்ளி என்றாலே கட்டணம் அதிகம் என்று ஒதுங்கவும் வேண்டாம். அரசு உதவி பெறும், தமிழ்வழியில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் நிறைய. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், அந்த ஒதுக்கீட்டை நம்பி இருப்பவர்கள் வேறு பள்ளிகளையும் பார்த்து வைப்பது நல்லது.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

* ஆண்டு விழாவில் மேடை ஏறுவது எப்போதும் அதே பத்துப் பிள்ளைகளா, எல்லோருக்கும் முறை வருகிறதா?

* ஆசிரியர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள்? வருடத்துக்கு வருடம் ஆள் மாறினால், பிள்ளையை யாருக்கும் முழுதாகத் தெரியாது.

* பிளஸ் டூ முடித்த பெண்ணை வீட்டில் படிக்க அனுப்ப மறுத்தால், பள்ளியிலிருந்து யாராவது வந்து பேசுவார்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு மே மாதமும் நல்ல மார்க் வாங்கிய பெண்ணுக்கு 'பக்கத்துக் காலேஜே போதும்' என்று முடிவு செய்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. சந்திரிகா 2015-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளிக்குக் கணவருடன் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுத்தார். தாம்பரம் கல்லூரியின் மேலாண்மைப் பள்ளியும் இன்று டாண்டன் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொடக்கத்தில் அந்தக் கல்லூரிக்குள் நுழையவே, பள்ளியிலிருந்து ஒருவர் பரிந்து பேச வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைக்காக அப்படிப் பேசக்கூடியவர் இருக்கும் பள்ளியே நல்ல பள்ளி. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி!