கத்தாதீர்கள்!

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்தில் ஒரு மாலை வேளை. நண்பர் ஒருவரின் ஆறு வயதுப் பேத்தி அப்பத்தாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நாலு பக்கமும் ஏர்ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. அப்பத்தா ஏதோ கேட்டாள், குழந்தை விழித்தது.

“இம்புட்டு ரூவா மிஷினை மாட்டியும் கேக்கலையே, தம்பி!” என்று என்னிடம் அங்கலாய்த்துவிட்டு, கிழவி இன்னும் பலமாகக் கத்தினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் எல்லோருமாகப் போடிமெட்டுக்கு மேலே போயிருந்தோம். ஏலத் தோட்டத்து நிழலில், பின்னாலிருந்து நான் மெல்லக் கூப்பிட்டதும் அவள் திரும்பிச் சிரித்தாள். கருவியும் அதேதான், காதும் அதேதான். இரைச்சல் ஒன்றுதான் இல்லை.

அந்தக் காக்ளியர் கருவியின் சங்கதி இதுதான். பழுதில்லாத உள்காதில் ஒலியை நரம்புக்குச் சேர்ப்பிக்கும் மயிரணுக்கள் சுமார் 3,500. கருவியில் அந்த வேலைக்கு இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள். சல்லடைக் கண் பெருத்துவிட்டால் 7 மில்லிக் காயும் 8 மில்லிக் காயும் ஒன்றாக விழும் என்பது ஏலக்காய் சலிக்கும் இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அப்படித்தான் குரலும் கூச்சலும் சேர்ந்து விழுகின்றன. கத்தினால் சொல் சிதையுமே தவிரத் தெளியாது.

2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குழந்தைக்கும் இந்தச் சிகிச்சையை எட்ட வைத்தது. வாயாரப் புகழ்கிறேன். ஆனால் காதைக் கொடுத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் இரையும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது என்ன தர்மம்?

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக் ஒன்று உண்டு; அவர் குரலை வயர்லெஸ் மூலம் நேரே கருவிக்கு அனுப்பும். தூரமும் இரைச்சலும் பெருமளவு தோற்றுப்போகும். இது சலுகையல்ல. தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

“ஊரையே வாய்மூடச் சொல்கிறீரா?” என்பீர்கள். ஊரை அல்ல, பள்ளிக்கூடத்து வாசலை. அதைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இடம் தருகின்றன. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். அந்த வாசலில் ஹாரன் அடிக்கிறவர் யார்? குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர் யார்? நீங்களும் நானும்தான்.

அப்பத்தாவிடம் நான் சொன்னது இவ்வளவே: “கத்தாதீங்க. கிட்ட வந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்க.”

அந்தச் சிறு குழந்தை கேட்பதற்காகக் காதுக்குப் பின்னால் கத்தி பட்டுக்கொண்டாள். அவளுக்காக நாம் கொஞ்சம் வாயைக் கட்டுவது அத்தனை பெரிய தியாகமா?