பழைய டேப் மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல பரண்ல இருக்கற கேசட்டை எடுங்க

போன மாசம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். ஐடி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். மாடி அறையில் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் வைத்து சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, ஆன்லைன்ல ஒரு ரீல் டேப் மெஷின் வந்திருக்கு. ஜப்பான் மேக். அறுபதாயிரம் சொல்லுதான். வாங்கிரவா?"

"எதுக்குடே?"

"அந்த வார்ம் சவுண்டு வேணும்லா."

அந்த ஊர்க்காரருக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊரே சுந்தரபாண்டியபுரம்தான். அந்தப் படத்துக்கு இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஸ்டுடியோ கட்டியவர். உள்ளே வைக்க கருவி வாங்கப் பணம் இல்லாமல் உட்கார்ந்திருந்ததையும், அம்மாவின் நகையை அடகு வைத்து முதல் ரெக்கார்டர் வாங்கியதையும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஹோம் ஸ்டுடியோ வைக்கும் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ஆனால் அதிலிருந்து தப்பான பாடத்தைத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் தரமாகப் பதிவு செய்ய ரெக்கார்டர் இல்லாமல் முடியாது. அவர் வாங்கியது வேலைக்கான கருவி. நாம் இன்று வாங்க நினைப்பது ஒரு 'ஃபீல்'.

அந்த ஃபீல் பொய் என்று சொல்லவில்லை. டேப்பில் சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் டிஜிட்டல் மாதிரி படாரென்று உடையாது. காந்தத் துகள்கள் நிறைந்துபோய், உச்சங்கள் மெதுவாக மழுங்கும். தவில் அடி, கிட்டார் மீட்டலின் கூர்மை கொஞ்சம் குறைந்து காதுக்கு இதமாக இருக்கும். அடியில் லேசான இரைச்சலும் வரும். இதைத்தான் 'வார்ம்' என்கிறோம். இதைப் போலவே செய்யும் சாஃப்ட்வேர் ப்ளக்-இன்கள் நிறைய உண்டு. ஏர்விண்டோஸின் 'டூடேப்' இலவசமாகவே கிடைக்கிறது. கலந்து முடித்த பாட்டில் வித்தியாசம் சொல்லக்கூடியவர்கள் இருக்கலாம். உங்கள் பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

இனி அந்த அறுபதாயிரத்துக்கு வருவோம். அது வெறும் நுழைவுக் கட்டணம்.

முதல் சிக்கல், பழைய வீட்டு ரீல் மெஷின்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோ. இரண்டு டிராக்தான். பாட்டு ஒன்றில், கீபோர்டு ஒன்றில், தபேலா இன்னொன்றில் என்று அடுக்க முடியாது. அதற்கு டியாக் ஏ-3340 மாதிரி நான்கு டிராக் மெஷின் வேண்டும். முன்பு பதிந்ததை ரெக்கார்டிங் ஹெட்டிலேயே கேட்டபடி அடுத்ததைப் பதியும் வசதி அதில் உண்டு. அந்த வசதி இல்லாவிட்டால் புதிதாகப் பாடுவது தாளத்துக்குப் பின்னால் போய் விழும். விளம்பரத்தில் 'ஸ்டுடியோ மெஷின்' என்று போட்டிருப்பதை நம்பி இது தெரியாமல் வாங்கியவர்கள் உண்டு.

இரண்டாவது டேப். 7 அங்குல ரீலில் 1,200 அடி இருக்கும். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடினால் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். புது ரீல் டேப்புக்கு இன்று அமெரிக்காவின் ஏடிஆர் மேக்னெடிக்ஸ், பிரான்ஸின் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸ் போன்ற வெகுசில பேரிடம்தான் போக வேண்டும். விலை, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் உங்கள் தலையில். விற்பவர் "நாலு ரீல் ஃப்ரீயா தர்றேன்" என்பார். அது ஆம்பெக்ஸ் 456 மாதிரி 70, 80-களின் டேப்பாக இருந்தால் ஜாக்கிரதை. அதில் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். ஜூன் தொடங்கினால் சாரல் அடிக்கும் தென்காசி பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டியே நமத்துப்போகிற ஊர்.

மூன்றாவது யாரும் கேட்காத கேள்வி: மெஷின் எந்த நாட்டு கரண்டுக்குச் செய்தது? அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கரண்டின் ஹெர்ட்ஸை வைத்தே சுற்றும் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். பல மாடல்களில் மோட்டார் புல்லியை மாற்றினால் சரியாகும். அந்தப் புல்லி கிடைத்தால்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நானும் ஏமாந்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஆன்லைனில் ஒரு கேசட் டெக் வாங்கினேன். வீடியோவில் லைட் எரிந்தது, முள் ஆடியது. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே பெல்ட் உருகி, வெயிலில் கிடந்த தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. முள் ஆடியதை மட்டும் பார்த்து பணம் அனுப்பியது என் தப்பு. டேப் ஓடுவதையே நான் பார்க்கவில்லை.

அப்படியானால் வாங்கவே வேண்டாமா? வாங்குங்கள். பதிவு செய்ய வேண்டாம், போட்டுக் கேட்க வாங்குங்கள். என் கருத்து இதுதான்: நம் ஊர் ஹோம் ஸ்டுடியோவில் டேப் மெஷினுக்கு இன்று ஒரே ஒரு நியாயமான வேலை இருக்கிறது. பரணில் கிடக்கும் கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது.

யோசித்துப் பாருங்கள். கோவில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டை மைக்செட்காரர் பிடித்துவைத்த கேசட். துபாயிலிருந்து மாமா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். ஆச்சியின் தாலாட்டு. சினிமாப் பாட்டு எங்கேயாவது இருக்கும், யூடியூபில் தேடிக்கொள்ளலாம். இவற்றுக்குப் பிரதி கிடையாது. டேப் பூஞ்சை பிடிக்கிறது, ஓட்டும் மெஷின்கள் காயலான் கடைக்குப் போகின்றன, அதைச் சரிசெய்யத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

இதற்கு நல்ல கேசட் டெக் ஒன்று போதும். வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கேசட் ஓடும் வீடியோ கேளுங்கள். நாதஸ்வரமோ ஆர்மோனியமோ நீளமாகப் பிடிக்கும் இடம் வேண்டும். ஸ்வரம் அலைந்தால் பெல்ட்டோ ரப்பர் ரோலரோ போய்விட்டது என்று அர்த்தம். ஃபார்வர்டு, ரீவைண்டு இரண்டும் முழுதாக ஓட வேண்டும். நேரில் போனால் ஹெட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். டேப் ஓடிய இடத்தில் பள்ளம் தட்டினால் வந்த வழியே திரும்பிவிடலாம். புது பெல்ட்டுக்கும் சர்வீஸுக்கும் கையில் தனியாகப் பணம் இருக்கட்டும்.

மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் பிரதியில் மட்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வை நுண்ணிய திருகால் கொஞ்சம் சரிசெய்தால், மூடியிருந்த குரல் திரை விலகினாற்போல் தெளியும். எந்த ப்ளக்-இன்னும் இதைப் பிறகு முழுதாக மீட்டுத் தராது. வெள்ளைப் பூஞ்சை தெரிகிற கேசட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். மெஷினுக்கும் பரவும், அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் நல்லதில்லை.

நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் மலிவாகக் கிடைத்தால் ஒரு வசதி உண்டு. சாதாரண கேசட் வேகமும் உள்ள மாடலாகப் பாருங்கள். ஏ சைடும் பி சைடும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும், பி சைடு மட்டும் தலைகீழாக. கம்ப்யூட்டரில் 'ரிவர்ஸ்' போட்டால் முடிந்தது. ஆசைப்பட்டால் அதிலேயே புதுப் பாட்டும் பதியலாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் 'நெப்ராஸ்கா' வீட்டில் இப்படி ஒரு டியாக் மெஷினில் பதிந்ததுதான்.

தம்பி ரீல் மெஷினை விட்டுவிட்டார். கொஞ்சம் கோபம்தான். அப்புறம் தென்காசியில் ஒருவரிடம் பழைய டெக் வாங்கி, பெல்ட் மாற்றி, தாத்தா பேசிய கேசட்டைப் போட்டிருக்கிறார். பி சைடில் பத்தாவது நிமிஷத்தில் டேப் அறுந்திருக்கிறதாம். ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை செல்லோ டேப் மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.