கூடாரத்தில் தொடங்கிய பேராயர்

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்தப் பெருமையைவிட, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. நாடறிந்த பெயரும் கிறிஸ்தவச் சங்கப் பொறுப்பும் இருந்த காலத்தில், 1909இல் அவற்றை விட்டுவிட்டுத் தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்கு ஊழியராகப் போனார். தொடக்கத்தில் வீடுகூட இல்லை, கூடாரம்தான். பேராயரான பிறகும் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று, ஊர் ஒதுக்கிவைத்த மாலா, மாதிகா மக்களின் நடுவே உட்கார்ந்தார். மேலே ஏறியவர் கீழே இறங்கிவரவில்லை, கீழேயேதான் இருந்தார்.

இன்று திருமண்டலத் தேர்தல் என்றால் சுவரொட்டி, அணி, வழக்கு. பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதம் கழுவும் பேராயர்களின் கைகளே மற்ற நாட்களில் முத்தத்துக்காக நீட்டப்படுகின்றன. மனம் வலிக்கிறது. சபையாரே, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐயா, கடைசியாக எந்த ஏழை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள்?